மாறும் ஐபி எண்ணும் ஒரே பெயரும்

கேள்வி: வீட்டு இணைப்பின் ஐபி எண் அடிக்கடி மாறுகிறது. டொமைன் பதிவை ஸ்கிரிப்ட் மூலம் புதுப்பிக்கலாமா? எண்களைக் குறித்துவைக்கும் கோப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே?

பதில்: தாராளமாக. முதலில் ரவுட்டரின் வான் (WAN) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பலருக்குப் பங்கிடுகிறது. ஸ்கிரிப்ட் எழுதியும் பயனில்லை.

இல்லையென்றால், க்ரான் மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சோதியுங்கள். மாறியிருந்தால் மட்டும் பதிவைப் புதுப்பித்து, கோப்பிலும் எழுதுங்கள். டிடிஎல் 300 வினாடி போதும்.

பழைய கோப்பைச் சுத்தம் செய்ய 'யூனிக்' மட்டும் உதவாது; அடுத்தடுத்த வரிகளைத்தான் அது ஒப்பிடும். 'சார்ட்' வரிசையைக் குலைக்கும். கால வரிசை முக்கியமென்றால் 'ஆக்' கட்டளையில், பார்த்த வரிகளை நினைவில் வைக்கும் அணி ஒன்றே போதும். விண்டோஸில் திருத்திய கோப்பா? வரி முடிவில் ஒளிந்திருக்கும் குறியை முதலில் நீக்குங்கள்.