ஒளிப்படம் முதலா, உற்றுநோக்கல் முதலா?
அரிய பறவைகளை அடையாளம் காணக் கற்பித்தல்

ஊசுடு ஏரிக்குக் களப்பயணம் செல்லும் மாணவர்களின் கைகளில் இன்று குறிப்பேட்டைவிடக் கைப்பேசியே அதிகம். பறவையைக் கண்டதும் படம் எடுக்கிறார்கள். செயலி ஒரு பெயரைச் சொல்கிறது. அது அரிய பறவையின் பெயராக இருந்தால் வகுப்பே மகிழ்கிறது. ஆனால், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால், "போன் சொன்னது" என்பதே பதில். இந்தப் பதிலோடு அறிவியல் பாடம் முடிந்துவிடலாமா?

இது மதிப்பெண்ணோடு நிற்கும் கேள்வி அன்று. ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்கள் அனுப்பும் பட்டியல் இ-பேர்ட் தளத்தில் சேர்கிறது; ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தவறான ஒரு பதிவு, இல்லாத பறவையை ஓரிடத்தில் இருப்பதாகக் காட்டிவிடும்.

படம் சரி, பதிவு தவறு

புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரான 'காலஸ் சொன்னராட்டி' அவர் நினைவாக வைக்கப்பட்டதே. நியூகினி பயணம் பற்றி 1776-இல் அவர் வெளியிட்ட நூலில், பெங்குவின்களும் ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவையும் நியூகினியில் வாழ்பவையாகப் படங்களுடன் இடம்பெற்றன. இரண்டும் அங்கே வாழ்வதில்லை. படத்தில் இருந்த பறவை உண்மை. எழுதிய இடம் தவறு. அந்தத் தவறு பெயரிலேயே தங்கிவிட்டது. கூக்கபராவின் அறிவியல் பெயரில் 'நியூகினி' என்றும், ஜென்டூ பெங்குவினின் பெயரில் 'பப்புவா' என்றும் இன்றுவரை உள்ளன.

இரண்டாவது சான்று இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை. 1884-க்குப் பிறகு இதைப் பற்றிய நம்பத்தகுந்த பதிவு இல்லை. 1914-இல் குஜராத்தில் கிடைத்ததாக மைனர்ட்ஸ்ஹாகன் என்பவர் காட்டிய மாதிரி, அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டுப் போலிக் குறிப்பு ஒட்டப்பட்டது என்பதைப் பமீலா ராஸ்முசன் கண்டறிந்தார். அந்தப் பொய்யை ஒதுக்கி, உண்மையான பழைய குறிப்புகளில் இருந்த இடங்களில் தேடிய குழு, 1997 நவம்பரில் மகாராட்டிரத்தின் ஷஹாடா அருகே அப்பறவையைக் கண்டது. எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவை, புள்ளிகள் ஏறக்குறைய இல்லாத தலையும் பருத்த வெண்கால்களும். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். எடுத்த படங்களோ, மற்றவர்களும் சரிபார்க்க உதவின.

ஆகவே, கண்டுபிடிப்பது களத்திறன். மெய்ப்பிக்க உதவுவது ஒளிப்படம். வரிசை மாறக்கூடாது.

படம் காட்டாதவை

வெண்கொக்குகளை எடுத்துக்கொள்வோம். சின்னக் கொக்குக்கு அலகும் கால்களும் கறுப்பு, விரல்கள் மஞ்சள். நீரில் நிற்கும்போது எடுத்த படத்தில் விரல்கள் தெரியாது. அது பறக்கும்வரை காத்திருந்த மாணவிக்குத் தெரியும். சேற்றைக் காலால் கலக்கி இரை தேடும் பழக்கமும் நின்று கவனித்தவருக்கே புலப்படும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வெண்ணிறம் வெளிறிப்போகும். தனியாக நிற்கும் பறவையின் அளவும் விளங்காது. வயல் நெட்டைக்காலியையும் குளிர்காலத்தில் வரும் ரிச்சர்ட் நெட்டைக்காலியையும் பிரிக்கப் பல நேரம் படத்தைவிடக் குரலே துணை.

மறுபுறம், நொடியில் மறையும் பறவையின் இறக்கைப் பட்டையைப் படம் நிறுத்திக் காட்டும். நினைவு பிசகலாம், ஆசை கண்ணை ஏமாற்றலாம். படத்தைப் பிறரும் பார்த்து மறுக்கலாம். எனவே கைப்பேசியைத் தடைசெய்வது தீர்வன்று.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1 (தொடக்க நிலை): பள்ளி வளாகத்தில் காகம் அல்லது மைனாவை இரண்டு நிமிடம் கைப்பேசியின்றிப் பார்க்கச் செய்க. பிறகு திரும்பி அமர்ந்து வரையட்டும்: அலகின் வடிவம், காலின் நிறம், நடக்கிறதா, தத்துகிறதா? மீண்டும் பார்த்து வேறு நிறப் பென்சிலால் திருத்தட்டும். தினமும் பார்க்கும் பறவையிலும் எவ்வளவு பார்க்கவில்லை என்பது அவர்களுக்கே விளங்கும்.

செயல்பாடு 2 (நடுநிலை): ஒரே பறவையை வெயிலிலும் நிழலிலும், அருகிலும் தொலைவிலும் எடுத்த நான்கு படங்களைக் காட்டி, "இவை எத்தனை வகைப் பறவைகள்?" என்று கேட்க. ஒளி நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதை இயற்பியல் பாடத்தோடு இணைக்கலாம்.

செயல்பாடு 3 (உயர்நிலை): 'அரிய பறவை விசாரணை'. ஒரு குழு, தாம் கண்டதாக ஓர் அரிய பறவையின் பெயரைச் சொல்லட்டும். மற்றவர்கள் கேட்க வேண்டியவை: காகம், மைனா, சிட்டு இவற்றோடு ஒப்பிட்டால் அளவு என்ன? எவ்வளவு தொலைவு? எந்த நேரம், எந்த ஒளி? என்ன செய்துகொண்டிருந்தது? குரல் கேட்டதா? இதைப் போன்ற பொதுவான பறவை எது, அது இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், பெயரை நிறுத்திவைத்துக் குறிப்பை மட்டும் பதிவுசெய்யட்டும்.

மதிப்பீடு

பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: களக்குறிப்பு 4, ஒத்த பறவைகளிலிருந்து பிரித்துக் காட்டிய காரணம் 3, இடம், நாள், நேரம் 2, பெயர் 1. நல்ல குறிப்பெழுதி, "பெயர் தெரியவில்லை" என்று முடித்த மாணவர் ஒன்பது பெறலாம். பெயரை மட்டும் எழுதியவருக்கு ஒன்றுதான். படத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். வீட்டில் நல்ல கைப்பேசி இருப்பது திறமையாகாது. ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் குரலைக் கொண்டே பறவையைச் சொல்லக்கூடியவர்கள். அந்த அறிவுக்கு வகுப்பில் இடம் கிடைக்க இதுவே வழி.

களத்தில் ஒரு கட்டுப்பாடு அவசியம்: படத்துக்காகக் கூட்டை நெருங்குவதோ பறவையைக் கலைப்பதோ கூடாது. முதலில் பார்க்கட்டும், பிறகு எழுதட்டும், அதன்பின் படம் எடுக்கட்டும், கடைசியாக நூலையோ செயலியையோ திறக்கட்டும். செயலி சொல்லும் பெயர் தம் குறிப்போடு பொருந்துகிறதா என்று மாணவரே தீர்ப்பு சொல்லட்டும்.