பால்வாடி நல்ல பால்வாடியா? அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்!

"பால்வாடிக்கா? நம்ம வீட்டுப் பிள்ளையையா?"

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பாட்டிக்கு முதலில் கோபம் வரும். அப்பாவுக்குக் கௌரவம் குறுக்கே நிற்கும். "வேன் வருது, டை கட்டி அனுப்பலாம். அதை விட்டுட்டு... நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்பார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கும் ஆமத்தூரையே எடுத்துக்கொள்வோம். அம்மா, அப்பா இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ், அச்சகம், கடை, பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு திசை. பிஞ்சுக் குழந்தையை அரைத்தூக்கத்தில் எழுப்பி, வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புவதா, தெருக்கோடியில் இருக்கும் பால்வாடியில் விடுவதா?

வாசலில் தொங்கும் போர்டு இதற்குப் பதில் சொல்லாது. உள்ளே நடப்பதுதான் சொல்லும். அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது எல்லோர் வீட்டுக் குழந்தைக்கும்!

நாம் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி மையம், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நடப்பது. இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. விருதுநகர்க்காரரான காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவுத் திட்டத்தில் பால்வாடிக் குழந்தைகளுக்கும் இலை விழுந்தது.

'ஏழைகளுக்குத்தானே?' என்று தயங்க வேண்டாம். இதற்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் குழந்தை போவதால் இன்னொரு குழந்தையின் முட்டை குறையாது. கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு அம்மா தினமும் வந்து போனால் அந்த மையமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்!

முதலில் காதைத் தீட்டுங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். "டீச்சர், பாப்பாவைச் சேர்க்கலாம்னு இருக்கோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஓரமாக உட்கார்ந்து காது கொடுங்கள்.

பாட்டுச் சத்தம், கதை, குழந்தைகளின் கேள்வி, நடுவில் ஒரு சிரிப்பு... இதெல்லாம் கேட்டால் நல்ல அறிகுறி. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பது மட்டுமே கேட்டால் யோசியுங்கள். மூன்று வயதில் மூளைக்குத் தேவை பேச்சும் விளையாட்டும்தான். பென்சில் பிடித்து நோட்டு நிரப்ப விரல்கள் இன்னும் தயாராகவில்லை. தமிழக மையங்களுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே ஒரு பாடத்திட்டம் உண்டு. "இன்னிக்கு அதிலே என்ன டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். நடத்துகிற டீச்சர் உடனே சொல்லிவிடுவார்.

தெருவுக்குத் தெரு 'மாண்டிசோரி' போர்டு பார்க்கிறோம். மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1907-ல் ரோம் நகரத்தில் அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது பணக்காரப் பிள்ளைகளுக்காக அல்ல. பெற்றோர் வேலைக்குப் போய்விட, கவனிக்க ஆளில்லாமல் இருந்த தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்காக! நம் பால்வாடியும் அதே தேவைக்குப் பிறந்ததுதான்.

அடுப்படி, தண்ணீர், கக்கூஸ்

இன்னொரு நாள் சாப்பாட்டு வேளையில் போங்கள். தட்டு போடும் முன் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா? குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இருக்கிறதா? நீளக் காம்பு வைத்த கரண்டியில் மொண்டு தருகிறார்களா, எல்லாக் கையும் டம்ளரோடு உள்ளே போகிறதா? வயிற்றுப்போக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

கக்கூஸைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள். தண்ணீர் வர வேண்டும். பூட்டி வைத்து, குழந்தைகளைக் கருவேலம் புதர்ப் பக்கம் அனுப்பினால் பாம்பு, தேள் பயமும் சேர்ந்துவிடும்.

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு மையத்தில் நாளொன்றுக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் தர வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அளவு உண்டு. இது வீட்டுச் சாப்பாட்டுக்குத் துணைதான். 'அங்கே சாப்பிட்டாச்சே' என்று ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

நெருப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதனால் அடுப்பு எங்கே இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் அறைக்கும் அதற்கும் நடுவே சுவரும் கதவும் உண்டா, மேலே கீற்று இருக்கிறதா, வெளியேறும் வழியில் மூட்டையும் பெஞ்சும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம். மையத்துக்கு அருகே வெடி கிட்டங்கி, பட்டாசுக் கழிவு கொட்டும் இடம் இருக்கக் கூடாது. இன்னொன்று நம் கையில் இருப்பது. ஃபயர் ஆபீஸிலிருந்து வருபவர்கள் மருந்து படிந்த துணியோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். குளித்து, துணி மாற்றி, பிறகு கொஞ்சுங்கள்.

எத்தனை பேருக்கு எத்தனை பேர்?

2013-ல் வந்த தேசியக் கொள்கைப்படி, மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைக்கு ஒரு பெரியவர் வேண்டும். அதற்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர். 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர், அதாவது சுமார் 375 சதுர அடி அறை வேண்டும்.

பால்வாடியின் உண்மையான பலவீனமும் இங்கேதான். டீச்சருக்குப் பதிவேடு, கணக்கெடுப்பு, மீட்டிங் என்று வேலை ஏராளம். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "நீங்க மீட்டிங் போற அன்னிக்கு யார் பார்த்துக்குவாங்க? ஆயா சமையலில் இருக்கும்போது பிள்ளைங்க யார் கண்ணில் இருப்பாங்க?" தெளிவான பதில் வந்தால் நிம்மதி.

எடைக் கணக்கு

நர்சரிப் பள்ளியில் சாதாரணமாகக் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு. மாதாமாதம் எடை பார்த்துக் குறிப்பார்கள். உங்கள் குழந்தையின் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படி மூன்று வயதுப் பையனின் நடுத்தர எடை 14.3 கிலோ, பெண் குழந்தைக்கு 13.9 கிலோ. பையன் 11.3, பெண் 10.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு மாத எடையை விட, தொடர்ந்து ஏறுகிறதா என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' சொட்டும் பூச்சி மாத்திரையும் தருகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

எதைப் பொறுக்கலாம்? எதைப் பொறுக்கக் கூடாது?

சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறதா? பொம்மை பழசா? பொறுக்கலாம். நாலு பெற்றோர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரி செய்துவிடலாம்.

ஆனால் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் சேர்க்காதீர்கள்:

1. குழந்தையை அடிப்பது, பயமுறுத்துவது.
2. பெரியவர் யாரும் இல்லாமல் குழந்தைகளை விட்டுப் போவது.
3. மூடாத கிணறு, தொட்டி, கைக்கு எட்டும் மின்கம்பி, அடுப்பு.
4. யார் வந்து கேட்டாலும் குழந்தையை அனுப்பிவிடுவது.

இவற்றைப் பார்த்துவிட்டு 'நமக்கென்ன' என்று திரும்பிவிடவும் கூடாது. அங்கே இருக்கும் மற்ற குழந்தைகளை நினையுங்கள். வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

சேர்த்த பிறகு...

முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள். ஏமாற்றிவிட்டு ஓடாமல், "அம்மா சாப்பாடு முடிஞ்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். கொஞ்ச நாள் அழுகை சகஜம். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கத்தில் அலறுவது, சாப்பிட மறுப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது இருந்தால் காரணம் தேடுங்கள்.

இந்தக் கேள்விகளையெல்லாம் மாதம் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் நர்சரியிலும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர், கக்கூஸ், அடுப்பு, அன்பான பேச்சு... இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல். எந்த இடம் தேறுகிறதோ, அங்கே உங்கள் செல்லத்தின் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்!