எலிப்பொறியும் என் மச்சினனும்

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பரிணாமத்துக்காக யாருடனும் மல்லுக்கட்டும் ஆசை எனக்கு இருந்ததில்லை. சண்டை ஃபோன் வழியாக வீட்டுக்குள் வந்தது. அனுப்பியவன் என் மச்சினன். கோயம்புத்தூரில் பம்பு செட் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். பாக்டீரியாவின் கசையிழை மோட்டார் போலச் சுழல்வதைக் காட்டும் ஒரு வீடியோ. அடியில் ஒரு வரி: "அத்தான், இது தானா வந்துச்சுன்னா எங்க கம்பெனியில ஒரு இம்பெல்லர் தானா வரட்டும், பாப்போம்."

அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து முப்பதுக்கு மேல் பதில் தட்டினேன். புதைபடிவம், மரபணு, குடல்வால், எதையும் விடவில்லை. காலையில் அவனிடமிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்று மட்டும் வந்திருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு காப்பி குடித்தேன்.

அதற்குப் பிறகு அவனோடும், பழைய மாணவர்களோடும், பள்ளிக்கூடத் தோழர்களோடும் ஃபோனிலேயே எத்தனையோ முறை வாதாடியாயிற்று. பத்து மணிக்கு மேல் பதில் எழுதக்கூடாது என்பது முதலில் கற்றது. இரவில் எழுதிய எதையும் காலையில் நான் அதே மாதிரி எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்தது, எதிர்த்தரப்பின் கெட்டிக்காரர் எழுதியதை நாமே படிப்பது. முதல் சண்டையின்போது நான் படித்திருக்கவில்லை. அறிவார்ந்த வடிவமைப்பு என்ற வாதத்தின் முக்கியமான ஆள் மைக்கேல் பீஹி, அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1996இல் 'டார்வின்ஸ் பிளாக் பாக்ஸ்' எழுதினார். அவருடைய உவமை எலிப்பொறி. பலகை, சுருள்வில், அடிக்கும் கம்பி, பூட்டும் கம்பி, தீனி மாட்டும் கொக்கி என்ற ஐந்தில் ஒன்று குறைந்தாலும் எலி விழாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அது உருவாகியிருக்க முடியாது. கசையிழையும் அப்படியே என்கிறார். ஆனால் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டென்பதை பீஹி ஏற்றுக்கொள்கிறார். பூமி பல நூறு கோடி ஆண்டுகள் பழையது என்பதையும் மறுக்கவில்லை. இதைச் சொன்னபோது மச்சினன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அந்த வீடியோவில் அது இல்லையாம்.

எலிப்பொறிக்குப் பதில் சொன்னவர் கென்னத் மில்லர் என்ற உயிரியல் பேராசிரியர். கொக்கியையும் பூட்டும் கம்பியையும் கழற்றிவிட்டால் எலி பிடிக்காதுதான், டையில் மாட்டும் கிளிப்பாக ஆகும் என்றார். அப்படியே மாட்டிக்கொண்டும் வந்தார். கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களில் பல, பிளேக் கிருமி நஞ்சைச் செலுத்தும் ஊசிபோன்ற அமைப்பிலும் இருக்கின்றன. முழு மோட்டாராகச் சுழலாவிட்டாலும் அதன் பாகங்களுக்கு வேறு வேலை உண்டு என்பதுதான் விஷயம். பம்புக்காரனுக்கு இது சட்டென்று புரிந்தது. பழைய மோட்டாரை மாவரைக்கப் பயன்படுத்தும் ஊர்தானே நம்முடையது.

2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற சிற்றூரின் பள்ளி நிர்வாகத்தின்மேல் பெற்றோர்கள் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வகுப்பில் வடிவமைப்புவாதத்தையும் ஒரு மாற்றாகச் சொல்ல வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டதுதான் காரணம். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் அது அறிவியல் அல்ல என்றார். அவரை நியமித்தவர் ஜார்ஜ் புஷ். பரிணாமத்தின் பக்கம் முதல் சாட்சியாக நின்ற மில்லர் ஒரு கத்தோலிக்கர். கடவுள் உண்டா இல்லையா என்று யாராவது வாதத்தை இழுக்கும்போதெல்லாம் இந்த ஒரு தகவலைத்தான் முன்னே வைக்கிறேன். திருநீறு பூசிக்கொண்டே டார்வினைப் படிக்கலாம் என்று என் மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வழக்கிலிருந்து இன்னொன்றை ஆயுதமாக எடுத்துப்போய் மொக்கை வாங்கியதும் உண்டு. அறிவியல் கோட்பாட்டுக்கு பீஹி சொல்லும் வரையறைப்படி ஜோதிடமும் அதில் சேருமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். சேரும் என்று அவர் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் அது சிரிப்பு. நான் பெருமையாக அனுப்பினேன். மச்சினன் பதில்: "ஆமா, ஜோதிடம் அறிவியல்தானே அத்தான்?" பொருத்தம் பார்த்துத்தான் அவன் அக்காளை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மேலே என்ன பேச?

சொற்களும் காலை வாரும். "அது வெறும் தியரிதானே" என்பார்கள். நம் ஊரில் தியரி என்றால் பரீட்சையில் எழுதுவது, பிராக்டிகல் என்றால் நிஜம். அணுவுக்கும் புவியீர்ப்புக்கும்கூடத் தியரி உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. குரங்கு மனிதனானால் குரங்கு இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் உறவுமுறையிலேயே பதில் சொல்கிறேன்: தாத்தா ஒருவர்தான், சித்தப்பா மகன் இருக்கிறான் என்பதற்காக நீ இல்லாமல் போய்விட்டாயா? சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி.

எனக்கு வலித்த பாடம் வேறு. பழைய மாணவன் ஒருவன் எர்ன்ஸ்ட் ஹெக்கலின் கருப் படங்களை அனுப்பியிருந்தான். மீன், ஆமை, கோழி, மனிதன் எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுபோல இருக்கும் அந்த வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம். ஒற்றுமையை ஹெக்கல் மிகைப்படுத்தி வரைந்திருந்தார். 1997இல் உண்மையான கருக்களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டு அதை வெளிச்சம்போட்டுக் காட்டினார்கள். நான் அதன் பிறகும் பல வருஷம் அதே படத்தைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து நடத்தியவன். "சார், நீங்க எங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்தீங்களா?" மழுப்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆமாம் என்று எழுதினேன். கருக்களுக்குள் ஒற்றுமை உண்டு, அந்த அளவுக்கு இல்லை, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் உயிரியல்காரர்களே என்றும் சேர்த்தேன். அன்றைக்குப் பிறகு அவன் கேட்கும் கேள்விகளில் குத்தல் குறைந்தது. உயிர் முதன்முதலில் எப்படி வந்தது என்பதிலும் அப்படியே. 1953இல் மில்லரும் யூரியும் (இவர் வேறு மில்லர்) குடுவைக்குள் அமினோ அமிலங்களை உண்டாக்கினார்கள், உயிரை உண்டாக்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை என்று சொல்ல இப்போது எனக்குத் தயக்கம் கிடையாது.

நம் பக்கத்து ஆர்வலர்கள் செய்யும் சேதமும் உண்டு. தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என்று வரிசை இருக்கிறதே, மாணிக்கவாசகரின் சிவபுராணத்தில் புல் தொடங்கிப் பிறவிகளை அடுக்கியிருக்கிறதே, டார்வினுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டோம் என்பார்கள். ஓர் உயிர் உடல் மாறிப் பிறக்கிறது என்பது பக்தனின் தவிப்பு. ஓர் இனத்துக்குள் தலைமுறைதோறும் சிறுசிறு வேறுபாடுகள் தங்கிப் பெருகுகின்றன என்பது டார்வின் சொன்னது. இரண்டையும் குழப்பினால் மாணிக்கவாசகருக்கும் மரியாதை இல்லை.

வாதத்தில் யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தவளை சிலரை நிறுத்தியிருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையில் வருஷத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை. கத்தரிக்காய் நிறம், பன்றி மூக்கு. 2003இல் இடுக்கியிலிருந்து அறிவியலுக்குத் தெரியவந்தது. அதன் உடன்பிறப்பு இனம் ஒன்று 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். இந்த இரண்டையும் விட்டால் மிக நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் கேரளத்தில் இல்லை, இலங்கையில் இல்லை; கடலுக்கு அப்பால், கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் தள்ளி, செஷல்ஸ் தீவுகளில். உப்புத்தண்ணீரில் தவளை நீந்திப் போகாது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். படத்தை அனுப்பிவிட்டு, எப்படி அங்கே போயிருக்கும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதிலை நான் சொன்னால் மறுப்பார்கள். அவர்களே தேடினால் வேறு மாதிரி.

கசையிழை வீடியோ கதையை நான் முடிக்கவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு மச்சினன் வந்திருந்தான். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அப்ப எங்கப்பா சும்மா வந்து சும்மா போயிட்டாவளா அத்தான்?"

மாமாவின் பதினாறாம் நாள் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அந்த வீடியோ வந்திருந்தது. தேதியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அவன் கேட்டது கசையிழையைப் பற்றி அல்ல. நான் பிளேக் கிருமியின் ஊசியை நீட்டியிருக்கிறேன், அதுவும் முப்பது தடவை.

டார்வினுக்கும் அந்தக் கேள்வி தெரிந்திருக்கும். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்துபோனாள். எட்டு வருஷம் கழித்துத்தான் இயற்கைத்தேர்வைச் சொல்லும் அவருடைய புத்தகம் வந்தது. இயற்கைத்தேர்வு கண் எப்படி உருவானது என்று சொல்லும். அந்தக் கண் யாருக்காக அழுகிறது என்பதில் அதற்கு வேலை இல்லை. வகுப்பில் நான் இதை ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. திண்ணையிலும் அவனிடம் சொல்ல என்னிடம் விடை இல்லை. மாமா வைகாசியில் மாங்காயை வைக்கோலில் அடுக்கிவைத்துவிட்டு, ராத்திரி டார்ச் அடித்து எண்ணிப் பார்ப்பார். அதைச் சொன்னேன். அவன் சிரித்தான். அப்புறம் அவன் ஒன்று சொன்னான். விடிய மூன்று மணி ஆகிவிட்டது.

நேற்று மறுபடியும் ஒரு வீடியோ வந்திருக்கிறது. டிஎன்ஏ ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதியவர் யார் என்று தலைப்பு. இன்னும் திறக்கவில்லை. அடுத்த வாரம் மாமாவுக்குத் திதி. ஃபோன் போட்டு, எந்த ரயிலில் வருகிறாய், ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.