ஒரு நிழலை ஏன் கலைத்தார்கள்?

கையில் ஒரு போன் இருந்தா போதும், யார் வேணும்னாலும் ஆவணப்படம் எடுக்கலாம். ஆனா ஒரு ஊரோட கஷ்டத்தைப் படமாக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஷாட் ரொம்ப அழகா அமைஞ்சிட்டா, பார்க்கிறவங்க அழகை ரசிச்சிட்டுப் போயிடுவாங்க, கஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்த ஒரு பழைய படத்தை இன்று பார்ப்போம்.

படத்தின் பெயர் 'மிஸேர் ஓ போரினாஜ்'. 'போரினாஜில் வறுமை' என்று சொல்லலாம். 1933-ல் எடுக்கப்பட்டது. இயக்கியவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த யோரிஸ் இவென்ஸ், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆன்ரி ஸ்டோர்க். சுமார் அரை மணி நேரம் ஓடும் மௌனப் படம். போரினாஜ் என்பது பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. 1932-ல் கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு பல தொழிலாளர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

1. ஷாட்களை எதிரெதிரே வையுங்கள்

ஒரு பக்கம் விற்காமல் குவிந்து கிடக்கும் நிலக்கரி. இன்னொரு பக்கம், சுரங்கக் கழிவு மேட்டில் துண்டு துண்டாகக் கரி பொறுக்கும் குடும்பங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் தகவல்தான். அடுத்தடுத்து வைத்தால், "கரி வெட்டுகிறவன் வீட்டு அடுப்புக்கே கரி இல்லையா?" என்ற கேள்வி பார்ப்பவர் மனசுல தானா எழும். அந்தக் கேள்வியை எழுப்புவது எடிட்டிங்.

2. அழகு குறுக்கே வந்தால் விலக்குங்கள்

இவென்ஸுக்கு அழகாக எடுக்கத் தெரியாமல் இல்லை. 1929-ல் ஆம்ஸ்டர்டாம் மழையை வைத்து 'ரெகென்' என்ற அருமையான குறும்படம் எடுத்தவர் அவர். ஆனால் போரினாஜில் ஒரு குடியிருப்புக்குள் படமெடுக்கும்போது, அழுக்குத் துணியும் பாத்திரங்களும் கிடந்த மேசை மீது ஜன்னலின் நிழல் கச்சிதமாக விழுந்தது. நாமா இருந்தா உடனே கிளிக் பண்ணியிருப்போம்! அவர்களோ அந்த நிழலின் விளிம்பைக் கலைத்துவிட்டு எடுத்தார்கள். நிழல் அழகாக இருந்தால் அழுக்கு உறைக்காது என்பதுதான் காரணம்.

3. மறுபடி நடிக்கச் சொன்னால் யோசியுங்கள்

படத்தில் சில காட்சிகள் நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டியவை. மார்க்ஸ் படத்தை ஏந்திச் செல்லும் ஊர்வலம் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் ஊர் மக்கள் சேர்ந்ததும் அது நிஜ ஊர்வலமாகவே மாறிவிட்டது. அதை வாழ்ந்தவர்களே நடித்ததால்தான் இது சாத்தியமானது. வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தால் அது வெறும் சினிமா. நீங்கள் மறுநடிப்பைப் பயன்படுத்தினால் அதைப் படத்திலேயே சொல்லிவிடுங்கள்.

செய்து பாருங்க

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கோங்க. அங்கே வேலை செய்யும் ஒரு அண்ணாவிடமோ அக்காவிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு பின்னணிக் குரல், சோக இசை, ஸ்லோ மோஷன் எதுவும் இல்லாமல், அவர்களின் ஒரு நாளை ஆறே ஷாட்களில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் கேளுங்கள், "இது அவங்களைப் பத்தினதா, இல்ல என் கேமராவைப் பத்தினதா?" இரண்டாவது பதில் வந்தால் அந்த ஷாட்டை டெலீட் பண்ணிடுங்க. முடித்ததும் முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.