குளிர்காற்று வரும் வழியே புகையும் வரும்

நோயாளியின் கட்டிலுக்கு மேலே, கூரையில், சதுரமான துளைத்தகடு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர் தாங்காத முதியவர்கள் அதன்கீழ்ப் படுக்க நேரும்போது, உடனிருக்கும் உறவினர் செய்தித்தாளை மடித்து அத்துளைகளில் செருகிவிடுவது வழக்கம். மைலத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் முதன்முறையாகக் குளிரூட்டப்பட்ட பிரிவில் வந்து தங்குவோருக்கு அந்தத் தகடு வெறும் குளிர் கொட்டும் இடம்தான். அதற்கு மேலே என்ன இருக்கிறது, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று எங்களிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே. நுரையீரல் நோய்ப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் இவ்விதழில் கட்டடத்தின் காற்றுக்குழாய்களைப் பற்றி எழுத முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அக்குழாய்களின் மறுமுனை எங்கள் நோயாளிகளின் நுரையீரல்தான். எனவே அவற்றைப் பற்றிப் பேசுவது எங்கள் வேலைக்குப் புறம்பானது என்று நாங்கள் கருதவில்லை.

பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் குளிர்சாதனம் வைப்பதில்லை. ஓர் இயந்திர அறையில் பெரிய விசிறி ஒன்று காற்றை வடிகட்டி, குளிர்வித்து, தகரத்தாலான அகன்ற குழாய்களின் வழியே பல அறைகளுக்கு அனுப்புகிறது. ஊழியர்கள் இக்குழாயை ‘டக்ட்’ என்பார்கள். அறைகளில் வெப்பமடைந்த காற்று வேறொரு குழாய் வழியே இயந்திரத்துக்கே திரும்புகிறது. கூடவே, வெளியிலிருந்து ஓரளவு புதுக்காற்றும் சேர்க்கப்படுகிறது. ஒரு தளத்தின் மூலையில் உள்ள அறையின் காற்று சில நிமிடங்களில் மற்றொரு மூலையில் உள்ள அறைக்குப் போய்ச் சேரும் அமைப்பு இது. குளிருக்கு வசதியான இந்த ஏற்பாடு புகைக்கும் அதே வசதியைச் செய்து தருகிறது.

இதன் விளைவை நம் நாடு 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் கண்டது. கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தில், அதிகாலையில், நிலவறையில் தீப்பிடித்தது. வண்டிகள் நிறுத்தவேண்டிய அந்த நிலவறையில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. நெருப்பு மேல்தளங்களைச் சென்று எரிக்கவில்லை. புகை சென்றது. குளிர்காற்றுக் குழாய்களும் மாடிப்படி வெளிகளும் அதற்குப் புகைபோக்கியாயின. கட்டடத்தின் முகப்போ கண்ணாடியால் அடைக்கப்பட்டிருந்ததால், புகை வெளியேற வழியில்லை. தீயணைப்பு வீரர்கள் கண்ணாடிகளை உடைத்துத்தான் உள்ளே புக வேண்டியிருந்தது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள், மூச்சுத்திணறியே மாண்டனர். கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர் தம் பிரிவு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவரைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தனர்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் 1980 நவம்பர் 21 அன்று நேர்ந்ததும் இதே வகைதான். தீ தரைத்தளத்தில், இறந்த 85 பேருள் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே. நம் மாநிலத்திலும், 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு சிகிச்சை மருத்துவமனையில் ஏற்பட்ட தீயில் 6 பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிக்குள் சிலர் மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டனர்.

புகை ஏன் இவ்வளவு விரைவாகக் கொல்கிறது? எரியும் பொருள் எதுவாயினும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. மெத்தையிலும் நாற்காலியிலும் உள்ள செயற்கை நுரைப்பஞ்சு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். அது உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையே முடக்கிவிடும். உடல்நலமுள்ள ஒருவர் புகை நெடி பட்டதும் எழுந்து ஓடுவார். மயக்கமருந்தின் பிடியில் இருப்பவரும், தொடை எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிடப்பட்டவரும், செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக வேறொன்று முந்திக்கொண்டு மோப்பம் பிடிக்க வேண்டும்.

அந்த வேலைக்காகக் காற்றுக்குழாயின் மேல் பொருத்தப்படுவதே குழாய்வழிப் புகை உணர்வி. அறைக் கூரையில் வட்டமாகத் தெரியும் உணர்வியை அறிந்திருப்பீர்கள். இது உங்கள் கண்ணில் படாது. குழாயின் வெளிப்புறத்தில், பொய்க்கூரைக்கு மேலே, சோற்றுப் பெட்டியளவு ஒரு பெட்டியாக இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் காற்றுக்குழாயின் உள்ளே நீண்டிருக்கும். ஒன்றில் வரிசையாகத் துளைகள். அவை காற்று வரும் திசையை எதிர்நோக்கி இருக்க வேண்டும். ஓடும் காற்றில் சிறிது அத்துளைகளின் வழியே பெட்டிக்குள் புகுந்து, உணர்வியைக் கடந்து, மற்றொரு குழலால் வெளியேறும். பெட்டிக்குள் ஒரு சிறு ஒளிக்கதிர் இருக்கிறது. புகைத்துகள் வந்தால் ஒளி சிதறும். சிதறிய ஒளியைக் கண்டதும் உணர்வி கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி அனுப்பும். அத்துடன் நிற்காமல், காற்றை அனுப்பும் பெரிய விசிறியை நிறுத்தவும், குழாய்களுக்குள் உள்ள அடைப்புத் தகடுகளை மூடவும் அது தூண்டுதல் தரும். இந்த இரண்டாவது செயலே முதன்மையானது. மணி அடிப்பதற்கு வேறு உணர்விகளும் உண்டு. புகையைக் கட்டில்கள்தோறும் பரிமாறிக்கொண்டிருக்கும் விசிறியின் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் இதன் தனிப்பணி.

பொருத்துவதில் நுணுக்கங்கள் பல. குழாய் வளையும் இடத்துக்கு அருகில் காற்று சுழன்று தாறுமாறாக ஓடும். அங்கே வைத்தால் புகை உணர்வியைத் தொடாமலே போகக்கூடும். எனவே வளைவிலிருந்து குழாயின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு தள்ளி, நேரான பகுதியில் வைப்பது மரபு. அனுப்பும் குழாயில் வடிகட்டிக்கும் விசிறிக்கும் அப்பால், கிளைகள் பிரிவதற்கு முன்பு வைப்பார்கள். வடிகட்டியோ மோட்டாரோ தாமே தீப்பிடித்தாலும் அது காட்டிக்கொடுக்கும். திரும்பி வரும் குழாயில், புதுக்காற்று கலந்து புகை நீர்த்துப்போவதற்கு முன்பு வைக்க வேண்டும். துளைக்குழலின் கடைமுனை அடைப்பான் கொண்டு மூடப்பட்டிருக்க வேண்டும். குழல் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பிசின் பூசி அடைக்க வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே ஏணியில் நின்றபடி, வியர்வையோடு, ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர் இவற்றுள் ஒன்றை மறந்துவிட்டாலும், கீழே கட்டுப்பாட்டுப் பலகையில் பச்சை விளக்கு எரியத்தான் செய்யும்.

முன்னர் நாங்கள் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் அதை நேரில் கண்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான குழாயில் இருந்த உணர்வியை முதன்முறையாகப் புகைவிட்டுச் சோதித்தபோது அது அசையவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், கட்டுமானத் தூசி படாதிருக்கத் தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய நெகிழி மூடி உணர்வியின் தலையில் அப்படியே இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அந்தப் பிரிவின் நோயாளிகளை மூக்கில் துணி கட்டிய காவலாளி ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அதற்கிடையில் ஆவணங்களில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற கையொப்பங்கள் தவறாமல் இருந்தன. காந்தம் ஒன்றைப் பெட்டியருகே காட்டினால் உணர்வி அலறும் வசதி உண்டு. அந்தச் சோதனையை மட்டும் செய்திருக்கிறார்கள். காந்தச் சோதனை மின்னணுப் பகுதி உயிரோடிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். காற்று உள்ளே வருகிறதா என்று சொல்லாது. ஈ.சி.ஜி. இயந்திரத்தின் திரை ஒளிர்வதால் நோயாளியின் மார்பில் மின்முனைகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருளாகாது அல்லவா?

ஆகவே முறையான பராமரிப்பு என்பது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து தூசி நீக்கி, குழல்களின் துளைகளைச் சுத்தம் செய்து, இரு குழல்களுக்கும் இடையே உள்ள காற்றழுத்த வேறுபாட்டை அழுத்தமானியால் அளந்து, சோதனைப் புகையைச் செலுத்தி, விசிறி உண்மையிலேயே நிற்கிறதா, அடைப்புத் தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று கண்ணால் பார்ப்பதாகும். நெடுஞ்சாலைத் தூசி அடங்காத விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை போதாது என்பது எங்கள் கருத்து. கருவி பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2189 வழிகாட்டுகிறது. தீப்பாதுகாப்பு பற்றி 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி பேசுகிறது.

தூசியைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. அது பொய் எச்சரிக்கை. ஐப்பசி மழைக்காலத்தில் குளிர்ந்த குழாயின்மேல் ஈரம் வியர்த்து பெட்டிக்குள் புகுந்தால் உணர்வி அலறும். ஈசல் நுழைந்தால் அலறும். கொசு ஒழிப்புப் புகை வண்டி வளாகத்தைச் சுற்றும்போது, புதுக்காற்று வாயில் அதை இழுத்துக்கொண்டால் அலறும். ஆயுதபூசையன்று இயந்திர அறையில் காட்டும் சாம்பிராணிக்கும் அலறும். போகியன்று விடியற்காலையில் ஊரே புகையில் மூழ்கியிருக்கும்போது அது அலறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இப்படி நான்கு முறை வீணாக ஒலித்தபின், ஐந்தாம் முறை யாரோ ஒருவர் பலகையில் அந்த உணர்வியை முடக்கிவைக்கிறார். மீண்டும் இயக்க மறந்துவிடுகிறார். உணர்வி சாவது பெரும்பாலும் இப்படித்தான். போகிக்கு முன்னிரவே புதுக்காற்று வாயிலின் தகட்டைச் சில மணி நேரம் மூடிவைக்கலாம். கொசுப்புகைக்கு முன்னரே தகவல் பெறலாம். தவிர்க்க இயலாமல் முடக்கினால், முடக்கியவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். மீண்டும் இயக்கும்வரை ஓர் ஆள் அந்தத் தளத்தைச் சுற்றி வர வேண்டும்.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. தாழ்வாரத்தில் பாய்விரித்துப் படுக்கும் உறவினர் கொசுவத்தி ஏற்றுவதும், கழிப்பறையில் பீடி புகைப்பதும், வேண்டுதலுக்காகக் கட்டிலருகே ஊதுவத்தி கொளுத்துவதும் பொய் எச்சரிக்கைகளைப் பெருக்குகின்றன. ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளியின் அருகே அவை நேரடித் தீ அபாயமும் ஆகும். போய்வரச் சிரமமாயிருக்கிறது என்று தாழ்வாரக் கதவுக்குச் செங்கலையோ நாற்காலியையோ அணைகொடுத்துத் திறந்து வைக்காதீர்கள்; புகையைத் தடுக்கவே அக்கதவு தானாக மூடிக்கொள்கிறது. துளைத்தகட்டில் காகிதம் செருகாதீர்கள். குளிர் அதிகமென்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். கட்டிலை நகர்த்தவோ, காற்றின் திசையை மாற்றவோ இயலும்.

சோதனை நாள்களில் குளிர்காற்று திடீரென நின்றுபோகும். ‘ஏ.சி.க்குப் பணம் வாங்கிவிட்டு நிறுத்திவிட்டீர்களே’ என்று சினந்தவர்களை நாங்கள் அறிவோம். உணர்வி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதற்கு விசிறியை நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்தருள்க. ஆனால் சோதனை அறிவிப்பு ஏதுமின்றிக் காற்றும் நின்று, மணியும் ஒலித்தால், செவிலியரின் சொற்படி நடந்துகொள்ளுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள். நோயாளியின் மருந்துக் குழாய்களை நீங்களாகப் பிடுங்காதீர்கள். மருத்துவமனைகளில் முதலில் நோயாளிகளை அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு நகர்த்துவதே முறை. எல்லாரையும் படியில் இறக்குவது அதன் பிறகுதான். புகை சூழ்ந்துவிட்டால் குனிந்து, தரையையொட்டி நகருங்கள். வெப்பப் புகை மேலே தங்கும்.

எங்கள் துறை சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டிலோ பணியிடத்திலோ புகையில் சிக்கி மீண்டவர் நன்றாயிருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஆக்சிஜன் மானி பல வீடுகளில் இருக்கிறது. அது 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அம்மானி எண்ணிக்கொள்ளும். குருதிச் சோதனையில்தான் உண்மை தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது அந்த நச்சின் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகிறது. முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதே அளவு குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம், குரல் கம்மல், சளியில் கரி, கருகிய மூக்குமயிர் ஆகியவை தென்பட்டால் சற்றும் தாமதிக்காதீர்கள். தொண்டையின் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கக்கூடும். 108-ஐ அழைத்து, எவ்வளவு நேரம் புகையில் இருந்தார், மூடிய அறையா, எரிந்த பொருள் என்ன என்ற மூன்றையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.