பூ உண்டு, காய் இல்லையே!

பெங்களூரு அல்சூரில் ஒரு சிறிய வீடு. வாசல் ஓரம் ஒரு வெள்ளரிக் கொடி. கொடி நிறைய மஞ்சள் பூ. ஒரு வாரமாகப் பூக்கிறது. எல்லாம் உதிர்கிறது. ஒரு பிஞ்சுகூட இல்லை.

"இது மலட்டுக் கொடி அத்தை. பிடுங்கிப் போடட்டுமா?" என்று கேட்டாள் மருமகள்.

"அப்படிச் சொல்லாதே அம்மா. பூவின் அடியைப் பார்" என்றார் மாமியார்.

மருமகள் பார்த்தாள். எல்லாப் பூவுக்கும் மெல்லிய காம்பு மட்டுமே இருந்தது.

"இவை ஆண் பூக்கள். வெள்ளரியில் இவைதான் முதலில் வரும். இவை காய்க்காது. பெண் பூ பிறகு வரும். அதன் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். கொஞ்சம் பொறு" என்றார் மாமியார்.

சில நாளில் பெண் பூக்கள் வந்தன. ஆனால் பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. ஏன்?

ஆண் பூவில் மகரந்தத் தூள் இருக்கிறது. அது பெண் பூவில் சேர வேண்டும். சேர்ந்தால்தான் பிஞ்சு காயாகும். தேனீ இந்த வேலையைச் செய்கிறது. அந்தத் தெருவில் தேனீ குறைவு.

மாமியார் காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்தார். இதழ்களை நீக்கினார். தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினார். பெண் பூ மலர்ந்த அன்றே இதைச் செய்ய வேண்டும்.

பத்து நாளில் காய் பறித்தார்கள். ஊறிய பாசிப்பருப்போடு கோசம்பரி செய்தார்கள்.

நீங்களும் வளர்க்கலாம்

1. ஜூன், ஜூலையில் விதைக்கலாம். ஜனவரி, பிப்ரவரியிலும் விதைக்கலாம்.
2. பழைய சிமெண்டுச் சாக்கு போதும். அடியில் துளை இடுங்கள்.
3. மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்புங்கள்.
4. மூன்று விதை ஊன்றுங்கள். நல்ல செடி ஒன்றை வையுங்கள்.
5. கொடி ஏறக் கயிறு கட்டுங்கள். ஆறு மணி நேரம் வெயில் வேண்டும்.
6. வேரில் தண்ணீர் ஊற்றுங்கள். இலை நனைய வேண்டாம். தண்ணீர் குறைந்தால் காய் கசக்கும்.
7. பூக்கும் காலத்தில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். தேனீ செத்துவிடும்.
8. காயை இளசாகவே பறியுங்கள். முற்ற விட்டால் புதுக் காய் குறையும்.

பெங்களூரு எசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1967இல் தொடங்கியது. அங்கே காய்கறி விதை விற்கிறார்கள்.

விடை சொல்லுங்கள்

1. முதலில் வரும் பூ எது?
2. பெண் பூவை எப்படி அறிவது?
3. தேனீ நமக்கு என்ன செய்கிறது?
4. மருமகள் கொடியைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?