அடுப்படிக்கு எதுக்கு வந்தோம்?

"டாக்டர், அடுப்படிக்குள்ளே போறேன், எதுக்கு வந்தோம்னே தெரியாம நிக்கறேன். எனக்கு மறதி நோய் வந்துடுச்சா?" என்று கண் கலங்கக் கேட்டார் ஓர் அம்மா. வல்லாரை லேகியம் வாங்கத்தான் வந்திருந்தார்.

லேகியம் இருக்கட்டும். முதலில் மூளைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

'பால் எடுக்கணும்' என்று நினைக்கிறீர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் நரம்பு செல்கள் அந்தச் செய்தியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். கும்மியடிப்பது மாதிரிதான். வட்டம் சுற்றும்வரை பாட்டு உண்டு. நடுவில் போன் மணி அடித்தால் வட்டம் கலையும், பாலும் மறந்துபோகும்.

இதைக் குரங்கிடம் பார்த்திருக்கிறார்கள். 1971-ல் அமெரிக்காவில் ஃபஸ்டர், அலெக்சாண்டர் என்ற இருவர், இரண்டு குழிகளில் ஒன்றில் குரங்கு பார்க்கத் தீனியை வைத்து மூடித் திரையை இறக்கினார்கள். தீனி கண்ணில் படவில்லை. ஆனாலும் திரை விலகும்வரை மூளையின் முன்பகுதியில் சில செல்கள் ஓயாமல் வேலை செய்தன. அதன் பிறகுதான் குரங்கு எந்தக் குழி என்று முடிவெடுத்தது.

நாமும் அப்படித்தான். முதல் கடைப் புடவையின் விலை மனசில் நின்றால்தானே இரண்டாவது கடை விலையோடு ஒப்பிட முடியும்? 'வாங்கு' என்கிற செல் கூட்டமும் 'வேண்டாம்' என்கிற கூட்டமும் போட்டி போடும். வலுத்தது மற்றதை அடக்கிவிடும். அதுதான் முடிவு.

ஒரே சமயத்தில் மனசில் நிற்பது எத்தனை? ஏழு என்றார் மில்லர், 1956-ல். நாலுதான் என்றார் கோவன், 2001-ல். மகன் கல்யாண வேலையில் ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத அந்த அம்மாவுக்கு நாலுகூட நிற்காது! அடுப்படி மறதி நோயல்ல என்றேன்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் சர்க்கரை மாத்திரையை இரண்டாம் தடவை போட்டிருக்கிறார். சில மாத்திரைகளில் இப்படிச் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். கிழமை போட்ட மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கிறது. தைராய்டு, பி12 பரிசோதனையும் எழுதிக் கொடுத்தேன். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம்.

பழகிய தெருவில் வழி தவறுகிறதா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? அப்போது லேகியத்தில் நாளைக் கடத்தாமல் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

வல்லாரையா? துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள் என்றேன். தூக்கத்துக்கு அது பதிலாகாது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.